செட்டிநாட்டில் பூட்டிக் கிடக்கும் வீடுகள்: உள்ளே போய்க் கறுப்பு வெள்ளைப் படம் எடுப்பது எப்படி?

காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோத்தமங்கலம், தேவகோட்டை என்று எந்த ஊருக்குள் நடந்தாலும் பூட்டிய நகரத்தார் வீடுகள் கண்ணில் படும். முகப்பில் அரசங்கன்று முளைத்திருக்கும், திண்ணையில் ஆடு படுத்திருக்கும். உள்ளே பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, முட்டைச் சுண்ணாம்புச் சுவர் எல்லாம் தூசிக்கு அடியில் அப்படியே இருக்கும். அந்த உட்புறத்தை ஃபிலிமில் கறுப்பு வெள்ளையில் எடுக்க முதல் முறை கிளம்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். டிஜிட்டல் கேமரா வைத்திருப்பவர்களுக்கும் ஏழாம் படியைத் தவிர மற்றதில் பெரும்பகுதி பொருந்தும்.

ஒன்றை மனதில் வையுங்கள். இங்கே யாரும் கைவிட்ட வீடு என்று ஒன்று கிடையாது. பூட்டிய வீடுதான் உண்டு. பூட்டு இருந்தால் சாவி ஒருவரிடம் இருக்கிறது. படத்துக்கான வேலை அவரைத் தேடுவதில்தான் ஆரம்பிக்கிறது.

1. சாவி யாரிடம், உரிமை யாரிடம்?

இவை இரண்டு தனித்தனிக் கேள்விகள். புதியவர்கள் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்வது இங்கேதான். சாவி பெரும்பாலும் அடுத்த தெருவில் இருக்கும் காவல்காரரிடமோ, வாரம் ஒரு நாள் வந்து பெருக்குகிற அம்மாவிடமோ இருக்கும். உரிமை பங்காளிகளிடம் இருக்கும். ஒரே வீட்டுக்கு நாலு புள்ளியும் (பங்குள்ள குடும்பமும்) இருக்கலாம், நாற்பது புள்ளியும் இருக்கலாம். ஒருவர் சென்னையில், ஒருவர் கோயம்புத்தூரில், ஒருவர் மலேசியாவில் இருப்பார்.

காவல்காரர் கையில் ஐந்நூறு ரூபாயைத் திணித்து உள்ளே போய்விடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். நீங்கள் போட்ட படத்தை ஒரு பங்காளி பார்த்தால் வேலை போவது காவல்காரருக்குத்தான். மேலும், இந்த ஊர்களில் கதவு, நிலை, தூண், கண்ணாடி என்று பழம்பொருள் வியாபாரத்துக்குப் போகாத பொருளே இல்லை. டிரைபாடோடு வீட்டைச் சுற்றி நடக்கும் வெளியூர்க்காரரை ஊர் சந்தேகமாகத்தான் பார்க்கும். அந்தச் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது.

ஊர்ச் சிவன் கோயில் அலுவலகத்தில் விசாரிப்பதுதான் நேர்வழி. வீட்டின் விலாசத்தைச் சொன்னால், எந்தப் பங்காளி வீட்டு விஷயங்களைக் கவனிக்கிறார், அவர் எப்போது ஊருக்கு வருவார் என்பது அங்கே தெரிந்திருக்கும். விலாசம் என்றால் கதவு எண் அல்ல, குடும்பத்தின் முன்னெழுத்துகள். அடுத்தபடியாகத் தெருமுனை டீக்கடை. பத்திரப் பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்கம் பார்க்கலாம்தான். ஆனால் பதிவான பத்திரங்கள் மட்டுமே அதில் வரும். தலைமுறை தலைமுறையாகக் கைமாறாமல் வந்த வீட்டுக்கு அதில் ஒன்றும் அகப்படாமல் போகலாம்.

பாகப்பிரிவினை வழக்கு நடக்கிறதா என்று பக்குவமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நடக்கிறது என்றால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள். ஒரு பங்காளி சரி என்று சொல்லி இன்னொருவர் கூடாது என்றால் நீங்கள் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள்.

கல்யாணம், படைப்பு (முன்னோருக்குப் படைக்கும் வழிபாடு) போன்ற விசேஷங்களுக்கு இந்த வீடுகளைத் திறந்து சுத்தம் செய்வார்கள், பங்காளிகள் பலரும் ஒரே இடத்தில் கூடுவார்கள். அனுமதி கேட்க அதைவிட நல்ல சமயம் வாய்க்காது. ஆனால் அன்றைக்குக் கேமராவை வெளியே எடுக்காதீர்கள். முகத்தைக் காட்டி, பேசி, தொலைபேசி எண் வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். முதல் விசாரிப்பிலிருந்து சாவி கைக்கு வர ஒன்றிரண்டு மாதம் பிடிக்கும் என்று வைத்தே திட்டமிடுங்கள்.

2. கடிதம்

வாய்மொழி அனுமதி போதாது. ஒரே பக்கத்தில், தமிழில், இரண்டு படிகள் எடுத்து எழுதுங்கள். அதில் இருக்க வேண்டியவை:

- வீட்டின் விலாசம், தெரு, ஊர்
- வருகிற நாள், நேரம், மழை வந்தால் மாற்று நாள்
- உள்ளே வருகிற எல்லாருடைய பெயரும் தொலைபேசி எண்ணும்
- படத்தை என்ன செய்யப் போகிறீர்கள் என்பது: கண்காட்சியா, புத்தகமா, இணையமா, விற்பனையா
- எந்தப் பொருளையும் நகர்த்த மாட்டோம், எடுத்துப் போக மாட்டோம் என்ற உறுதி
- எடுக்கக் கூடாத இடங்கள்
- வீட்டுக்காரருக்குத் தருகிற பிரிண்டுகளின் எண்ணிக்கை

எடுக்கக் கூடாத இடங்களை அவர்கள் வாயாலேயே சொல்லவைத்து எழுதிக்கொள்ளுங்கள். சாமி அறை, இறந்த பெரியவர்களின் படங்கள், பழைய கணக்கு நோட்டுகள் ஆகிய மூன்றையும் நீங்களாகவே கேட்டுவிடுவது நல்லது. கையெழுத்து வெளியூரிலிருந்து வர வேண்டியிருந்தால், ஸ்கேன் செய்து வாட்ஸ்அப்பில் வந்த படியை அச்செடுத்துப் பையில் வையுங்கள். அடையாள அட்டை நகல் கேட்டால் எண் மறைத்த ஆதார் கொடுங்கள்.

கடிதம் இல்லாமல் உள்ளே போவதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பாரதிய நியாய சன்ஹிதா 329ஆம் பிரிவின்படி வீட்டுக்குள் குற்ற அத்துமீறல் நிரூபணமானால் ஓராண்டு வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. உள்நோக்கம் எதுவும் இல்லை என்பதைக் காவல் நிலையத்தில் உட்கார்ந்து விளக்குவதைவிட ஒரு தாளை நீட்டுவது சுலபம்.

3. கேமரா இல்லாமல் ஒரு நடை

படமெடுப்பதற்கு முந்தைய நாள் காவல்காரரோடு ஒருமுறை வீடு முழுக்க நடந்து வாருங்கள். டார்ச், என்95 முகமூடி, கட்டைவிரல் மூடிய காலணி, ஒரு நீளக் கம்பு போதும். செருப்பைக் கழற்றச் சொன்னால் கழற்றத்தான் வேண்டும். அதனால் கழுவிய கான்வாஸ் ஷூ ஒரு ஜோடியைத் தனியாகக் கொண்டுபோய், "உள்ளே இதை மட்டும் போட்டுக்கொள்ளலாமா?" என்று கேளுங்கள். கண்ணாடிச் சில்லும் ஆணியும் கிடக்கும் தரை என்பது அவர்களுக்கும் தெரியும்.

மாடிதான் பெரிய ஆபத்து. தேக்குக்குக் கறையான் சீக்கிரம் ஏறாது. ஆனால் உத்தரத்தின் முனை சுவருக்குள் செருகியிருக்கும் இடத்தில் வருடக்கணக்காக மழைநீர் இறங்கினால் தேக்கும் உளுத்துப்போகும். மேலே பார்க்க முழுசாகத்தான் இருக்கும். கீழ்த்தளத்தில் நின்று மேற்கூரையைப் பாருங்கள். உத்தரம் சுவரைத் தொடும் இடத்தில் கறுப்பாக ஈரக்கறை இருந்தால் அதற்கு நேர் மேலே கால் வைக்காதீர்கள். இரும்பு உத்தரம் போட்ட அறைகளில் துரு பொருக்குப் பொருக்காக உதிர்ந்து செங்கல் தொங்கிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் அந்த அறையை வாசலில் நின்றே எடுத்துக்கொள்ளலாம். மோசமான அறைகள் வாசலிலிருந்துதான் நன்றாகவும் அமைகின்றன.

வௌவால் அடைந்த அறைக்குள் முகமூடி இல்லாமல் போக வேண்டாம். அந்த எச்சத்தில் வளரும் பூஞ்சை நுரையீரலைப் பாதிக்கும். விறகு அடுக்கிய மூலை, அடுப்படி, பின்கட்டுக் கிணற்றடி ஆகிய இடங்களில் கம்பைத் தட்டிவிட்டுப் போங்கள். பாம்பு இருக்க வாய்ப்புள்ள இடங்கள் அவை.

ஆபத்தைப் பார்த்த கையோடு வெளிச்சத்தையும் பாருங்கள். காம்பஸ் வைத்து வீடு எந்தத் திசை பார்க்கிறது என்று குறியுங்கள். பெரும்பாலான வீடுகள் கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கும்: முகப்பு, வளவு (தாழ்வாரம் சூழ்ந்த நடுமுற்றம்), இரண்டாம் கட்டு, அடுப்படி. கிழக்கு வாசல் வீடானால் காலையில் முகப்பில் நேர்வெயில் அடிக்கும், மாலையில் பின்கட்டில் அடிக்கும். நீங்கள் வெயிலுக்கு எதிர்ப்பக்கம் ஓட வேண்டும். காலையில் அடுப்படி, இரண்டாம் கட்டு, பிற்பகலில் முகப்பு, பட்டாலை (உயர்ந்த கூடம்).

வளவுக்குக் கணக்கு வேறு. காரைக்குடி ஏறத்தாழ 10 டிகிரி வட அட்சத்தில் இருப்பதால் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் உச்சிவெயில் செங்குத்தாக வளவுக்குள் விழுந்து தரை சுண்ணாம்பாய் வெளுத்துவிடும். டிசம்பர், ஜனவரியில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். நண்பகல் வெயில் வளவின் வடக்குத் தாழ்வாரத்தில் மட்டும் ஏறும், தெற்குத் தாழ்வாரம் நாள் முழுக்க நிழலில் இருக்கும். ஜனவரியிலிருந்து மார்ச் முதல் வாரம் வரைதான் இந்த வேலைக்கு ஏற்ற காலம். மழை ஓய்ந்திருக்கும், சுவரில் ஈரத்தடம் மட்டும் மிச்சமிருக்கும். கறுப்பு வெள்ளையில் அந்த ஈரத்தடங்கள் அருமையாக வரும்.

4. பையில் என்ன இருக்க வேண்டும்

35 மி.மீ. கேமராவானால் 28 அல்லது 35 மி.மீ. லென்ஸ் ஒன்று போதும். 20க்குக் கீழே போகாதீர்கள். தூண்கள் ஓரங்களில் இழுபட்டு, அறை இல்லாத அகலத்துக்கு விரியும். கனமான டிரைபாட், கேபிள் ரிலீஸ், ரசமட்டம், ஸ்பாட் மீட்டர் (ஒரு சிறு இடத்தின் வெளிச்சத்தை மட்டும் அளக்கும் கருவி), கைக்கடிகாரம், நோட்டு, பென்சில், தூசி ஊதும் பல்பு இவ்வளவும் கட்டாயம். ஃபிளாஷ் வேண்டாம். ஜன்னல் வழியே வரும் வெளிச்சம் ஒரு பக்கமாக வந்து சுவரின் ஒவ்வொரு பொருக்கையும் எடுத்துக்காட்டும். ஃபிளாஷ் அத்தனையையும் தட்டையாக்கிவிடும்.

ஃபிலிமுக்கு இல்ஃபோர்டு ஹெச்.பி.5 பிளஸ் நம்பிக்கையானது. வெளிச்சத்தைக் கூடக் குறையக் கொடுத்தாலும் தாங்கும். மிக நீண்ட எக்ஸ்போஷர்கள் நிறைய எடுக்கப் போகிறீர்கள் என்றால் ஃபியூஜி ஆக்ரோஸ் 2 நல்லது. அதில் 120 விநாடி வரை நேரத் திருத்தம் தேவையில்லை. ஒரு நாளைக்கு ஒரு வீடு, ஒரு வீட்டுக்கு 120 அளவு ஃபிலிமில் (35 மி.மீ.யைவிட அகலமானது) மூன்று ரோல், அதாவது 6×6 செ.மீ. படம் எடுக்கும் கேமராவில் 36 படம். அதற்கு மேல் கொண்டுபோனால் யோசிக்காமல் அமுக்க ஆரம்பித்துவிடுவீர்கள்.

5. வெளிச்சத்தை அளப்பது

நல்ல படங்கள் பெரும்பாலும் கெடுவது இந்தப் படியில்தான். வளவின் தரைக்கும் அறை மூலைக்கும் வெளிச்சத்தில் ஏழெட்டு ஸ்டாப் வித்தியாசம் சாதாரணமாக வரும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பது அல்லது பாதியாவது). கேமராவின் தானியங்கி மீட்டர் வளவைப் பார்த்து ஏமாந்து அறையைக் கரியாக்கிவிடும். ஃபிலிமில் பதியாத நிழலைப் பின்னால் எந்த வித்தை செய்தும் வரவழைக்க முடியாது. அதனால் நிழலை அளந்து படமெடுங்கள், வெளுப்பைக் கழுவும்போது அடக்கிக்கொள்ளலாம்.

ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். அறைக்குள் டிரைபாட், கதவு வழியே வளவு தெரிகிறது. ஹெச்.பி.5 பிளஸ் ஐ.எஸ்.ஓ. 400 வேக ஃபிலிம் என்றாலும், நிழலுக்குக் கூடுதல் வெளிச்சம் கிடைக்க மீட்டரை 200இல் வையுங்கள். லென்ஸ் துளை எஃப் 11. நிழலில் உங்களுக்கு எது தெரிந்தே ஆக வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். மர அலமாரியின் கீழ்ப் பலகை என்று வைத்துக்கொள்வோம். அதன் மேல் ஸ்பாட் மீட்டரைப் பிடித்தால் 32 விநாடி காட்டுகிறது. மீட்டர் எதையும் நடுச் சாம்பலாகக் காட்டவே கணக்குச் சொல்லும், உங்களுக்கு வேண்டியதோ இழையோட்டம் தெரிகிற கருமை. ஆகவே இரண்டு ஸ்டாப் குறையுங்கள்: 32, 16, 8. எட்டு விநாடி.

அதோடு முடியவில்லை. ஒரு விநாடிக்கு மேல் போனால் ஃபிலிமின் உணர்திறன் தளர்கிறது, கூடுதல் நேரம் கொடுத்தாக வேண்டும். ஹெச்.பி.5 பிளஸுக்கு இல்ஃபோர்டு தரும் அடுக்குக் கணக்கு 1.31, அதாவது மீட்டர் சொன்ன நேரத்தை 1.31ஆம் அடுக்குக்கு உயர்த்த வேண்டும். அதன்படி:

- மீட்டர் கணக்கு 2 விநாடி என்றால் 2.5 விநாடி
- 4 என்றால் 6
- 8 என்றால் 15
- 15 என்றால் 35
- 30 என்றால் 1 நிமிடம் 26 விநாடி
- 60 என்றால் 3 நிமிடம் 33 விநாடி

இதை அட்டையில் எழுதி டிரைபாட் காலில் ஒட்டிவிடுங்கள். நம் உதாரணத்தில் 15 விநாடி திறந்து வைக்க வேண்டும்.

இப்போது வளவின் தரையை அளந்து பாருங்கள். 1 விநாடி காட்டினால் நிழலுக்கும் அதற்கும் ஐந்து ஸ்டாப். வழக்கமான கழுவலே தாங்கும். கால் விநாடி காட்டினால் ஏழு ஸ்டாப். அந்த ரோலில் "இரண்டு குறை" என்று எழுதுங்கள், கழுவும் நேரத்தைக் குறைக்க வேண்டும். அதையும் தாண்டினால் கணக்குப் போட்டுப் பயனில்லை. மேகம் மூடும்வரை காத்திருங்கள், அல்லது காவல்காரரிடம் கேட்டுக் கதவில் ஒன்றை ஒருக்களித்துச் சாத்துங்கள். அரைக் கதவு வெளிச்சத்தையும் அடக்கும், கடைசலையும் சித்திர வேலையையும் படத்துக்குள் கொண்டுவரும்.

நீண்ட எக்ஸ்போஷரில் நிழல்தான் அதிகம் தளர்கிறது, வெளுப்பு அவ்வளவு தளர்வதில்லை. அதனால் திருத்திய நேரம் கொடுக்கும்போது கான்ட்ராஸ்ட் தானாகவே ஏறிவிடும். அரை நிமிடத்துக்கு மேற்பட்ட படங்களை முடிந்தால் தனி ரோலில் சேர்த்து வையுங்கள். கழுவும் நேரத்தை இன்னும் பத்து சதவீதம் குறைக்க வசதியாக இருக்கும்.

ஷட்டர் திறந்திருக்கும்போது யாரும் நடக்கக் கூடாது. மாடியின் மரத்தளத்தில் பக்கத்து அறையில் ஒருவர் நடந்தாலே டிரைபாட் ஆடும்.

டிஜிட்டலில் இதற்கு நேர்மாறு: வெளுப்பு போனால் திரும்பாது. குறைந்த ஐ.எஸ்.ஓ.வில், ரா கோப்பாக, இரண்டு ஸ்டாப் இடைவெளியில் மூன்று படம் எடுங்கள். வளவு வெளுக்காத ஒன்று அதில் இருக்க வேண்டும்.

6. ஃபிரேமும் நிறமும்

கேமராவை மட்டமாக வையுங்கள். அண்ணாந்தால் தூண்கள் உள்நோக்கிச் சாயும். மேற்கூரை வேண்டுமென்றால் சாய்க்காமல் டிரைபாடை உயர்த்துங்கள், அல்லது பின்னால் போங்கள். நான்கடி உயரம் பெரும்பாலான அறைகளுக்குச் சரியாக இருக்கும். 28 மி.மீ. லென்ஸில் எஃப் 11 வைத்து 2.4 மீட்டரில் ஃபோகஸ் செய்தால் 1.2 மீட்டரிலிருந்து கடைசிச் சுவர்வரை கூர்மையாக இருக்கும். இருட்டில் ஃபோகஸ் தேட வேண்டியதில்லை, டேப் வைத்து அளந்துவிடலாம்.

ஆத்தங்குடிக் கல்லில் புதியவர்கள் ஏமாறுவது சகஜம். கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் எடுப்பாகத் தெரியும், கறுப்பு வெள்ளையில் இரண்டும் ஒரே சாம்பலாகிப் பூவேலை காணாமல் போகும். ஆரஞ்சு ஃபில்டர் போட்டால் சிவப்பு வெளுக்கும், பச்சை இருளும். தேக்கும் கொஞ்சம் வெளுத்து ரேகை தெரியும், நீலச் சுண்ணாம்பு அடித்த சுவர் நன்றாக இருண்டு நிற்கும். விலையாக இரண்டு ஸ்டாப் வெளிச்சம் போகும், எட்டு விநாடி 32 ஆகும், அதற்கு மேல் ஃபிலிமின் திருத்தமும் சேரும். ஆகவே தரை முக்கியமான படத்துக்கு மட்டும் ஃபில்டர் போடுங்கள்.

பொருளை நகர்த்தாதீர்கள். நாற்காலியை ஜன்னலோரம் போட்டு, உடைந்த பொம்மையை அதில் உட்காரவைத்து எடுத்த படம் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். தூசியில் நாற்காலிக் கால் தடம் பழைய இடத்திலேயே இருக்கும். அந்தத் தடத்தை எடுங்கள், அது உண்மை.

7. கழுவுதல்

ஐ.டி.-11 டெவலப்பரை ஒன்றுக்கு ஒன்று நீர் சேர்த்து, 20 டிகிரியில், 400 என அளந்த ஹெச்.பி.5 பிளஸுக்கு 13 நிமிடம். நாம் 200இல் அளந்திருப்பதால் பத்தரை நிமிடத்தில் ஆரம்பியுங்கள். "இரண்டு குறை" ரோலுக்கு எட்டரை. முதல் ரோலைப் பார்த்து உங்கள் மீட்டருக்கும் தொட்டிக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

நம் ஊரில் குழாய்த் தண்ணீர் 28, 30 டிகிரியில் வரும். அப்படியே பயன்படுத்தினால் நேரம் ஐந்து நிமிடத்துக்கும் கீழே இறங்கி ஃபிலிமில் திட்டுத் திட்டாக விழும். பிளாஸ்டிக் டப்பில் ஐஸ் போட்டு டெவலப்பர், ஸ்டாப் பாத், ஃபிக்ஸர், கழுவும் நீர் நான்கையும் அதில் ஒன்றாக இறக்கி 20க்குக் கொண்டுவாருங்கள். முடியாவிட்டால் எல்லாவற்றையும் 24இல் வைத்து நேரத்தில் சுமார் 30 சதவீதம் குறையுங்கள். டெவலப்பரை மட்டும் குளிரவைத்துச் சூடான தண்ணீரில் அலசுவதுதான் செய்யக் கூடாதது. ஜெலட்டின் சுருங்கி வெடித்து, சுவரில் இல்லாத விரிசல் படத்தில் வரும்.

போர்வெல் தண்ணீரில் டெவலப்பர் கரைக்க வேண்டாம். கடைசி அலசலும் டிஸ்டில்டு வாட்டரில், ஒரு சொட்டு வெட்டிங் ஏஜென்டோடு. இல்லாவிட்டால் காய்ந்தபின் உப்புத்தடம் நிற்கும்.

லேபில் கொடுப்பதானால் "200இல் அளந்தது, நேரம் குறைக்கவும்" என்று ரோல் மேலேயே எழுதிக் கொடுங்கள். கறுப்பு வெள்ளையை அங்கேயே கழுவுகிறார்களா, வேறெங்கும் அனுப்புகிறார்களா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

8. செலவு

ரயில் கட்டணம் தவிர்த்து, ஒரு வீட்டுக்கு இரண்டு நாள் என்ற கணக்கில் பதினைந்தாயிரம் ரூபாய் ஒதுக்குங்கள். ஃபிலிம் மூன்று ரோலுக்கு 3,000, கழுவி ஸ்கேன் செய்ய 2,500, அறை வாடகை இரண்டு இரவுக்கு 3,000, ஆட்டோவுக்கு 3,000, காவல்காரருக்கு இரண்டு நாள் கூலி 2,000, பிரிண்டுக்கு 1,500. ஊருக்கும் கடைக்கும் தக்கபடி ஏறி இறங்கும். காவல்காரர் கூலியை வீட்டுக்காரருக்குத் தெரியவே கொடுங்கள், அதில் மட்டும் பேரம் பேசாதீர்கள். உங்களுக்காக அவர் நாள் முழுக்க வாசலில் உட்கார்ந்திருக்கிறார்.

சென்னையிலிருந்து பல்லவன் எக்ஸ்பிரஸ் நேராகக் காரைக்குடிக்கு வருகிறது. விமானம் என்றால் மதுரை அல்லது திருச்சி.

9. வெளியிடுவதற்கு முன்

கோப்புகளிலிருந்து இடக்குறிப்பை நீக்குங்கள். ஊர்ப் பெயர் போடலாம், தெருவும் விலாசமும் வேண்டாம். பூட்டு, பின்வாசல், உடைந்த ஜன்னல், கழற்றத் தோதான கண்ணாடி, விளக்கு இவை தெளிவாகத் தெரியும் படங்களை இணையத்தில் ஏற்றாதீர்கள். திருடுகிறவருக்கு அது விலைப்பட்டியல் மாதிரி. சுவரில் மாட்டிய குடும்பப் படத்தின் முகம் ஏதாவது மூலையில் விழுந்திருக்கிறதா என்று முழு அளவில் பெரிதாக்கிப் பாருங்கள். இருந்தால் வீட்டுக்காரரைக் கேட்காமல் வெளியிட வேண்டாம்.

சொன்ன பிரிண்டுகளை ஒரு மாதத்துக்குள் அனுப்பிவிடுங்கள். பங்காளிகள் எத்தனை பேர் கையெழுத்திட்டார்களோ அத்தனை செட். காவல்காரருக்கும் ஒரு செட் கொடுங்கள். பின்னால் நாற்பது புள்ளிகளும் சேர்ந்து வீட்டைப் பிரித்து விற்க முடிவெடுத்தால், எந்தத் தூண் எங்கே நின்றது என்பதற்கு அந்தப் பிரிண்டுகள் மட்டுமே மிஞ்சலாம். அதனால் ஒவ்வொன்றின் பின்புறத்திலும் பென்சிலால் தேதி, அறை, பார்க்கும் திசை மூன்றையும் எழுதிக் கொடுங்கள்.